பூங்காவனம் குடித்த கிணறு

ஏகாம்பரம் தன் மனைவி பூங்காவனத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் வாசற்படியில் கால்களை நீட்டி உட்கார்ந்து, அதே தெருவிலிருக்கும் பச்சையம்மா வீட்டிலிருந்து வந்த மோர் விட்ட கேழ்வரகுக் கூழை ஒரு வாய் குடித்துவிட்டு, சொம்பை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தை மாதம், காலை ஆறேகால் மணி. அவன் முதல் ஷிப்டுக்காகச் சைக்கிளைத் தெருவில் இறக்கியிருந்தான்.

"இன்னா மாமா, கூழு நொரை கட்டிக்கினு கீது. யாரு கை பட்டுச்சு இதுல?"

"பச்சையம்மா குடுத்தது. அவளாண்ட கேளு."

"அவளாண்ட கேட்டா உன்னாண்ட கேளுன்னுவா."

"எல்லாத்துக்கும் சந்தேகப்பட்டா எப்பிடி? குடி."

சந்தேகத்துக்கு ஒரு கோயில் கட்டினால் ஏகாம்பரத்தைத்தான் பூசாரியாக வைக்க வேண்டும் என்று தெருவே சொல்லும். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு புத்திமதி வந்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது, கன்னம் அதற்குமேல் நகரவில்லை. பத்து நாளாகவே அவள் சிரிப்பு அந்த இடத்தோடு நின்றுகொண்டிருந்தது. மிச்சக் கூழையும் குடித்தாள். அவன் சைக்கிளில் ஏறிப் போனான். பகல் பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது அவள் அதே படியில், அதே சாய்வில், கையில் அதே சொம்போடு உட்கார்ந்திருந்தாள். சொம்பின் விளிம்பில் ஈக்கள் மொய்த்தன. அவள்மேல் ஓர் ஈகூட உட்காரவில்லை.

அவள் அந்தப் படிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று சொல்ல வேண்டுமானால் கிணற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளை நம்பி இருக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஷாப்பின் பின்சுவரை ஒட்டி இருபத்துமூன்று வீடுகள் கொண்ட ஒரு தெரு, தெருவின் கடைசியில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் பதினெட்டு வருஷமாக மஞ்சளாக இருந்தது. அதில் அலசிய வேட்டியை மஞ்சள் நனைத்த கல்யாண வேட்டி என்று கேலி செய்வார்கள். கை வைத்தால் விரலிடுக்கில் பொத்தல் பொத்தலாகப் புண் வரும். குடிக்கவும் சமைக்கவும் லாரியில்தான் தண்ணீர் வரும். அந்தத் தெருவில் ஷாப்பில் வேலை செய்யாத வீடு கிடையாது; தோல் எப்படிப் பதப்படுகிறது என்பது கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஏகாம்பரம் டிரம்மில் வேலை செய்தான். வீட்டு உயரத்துக்குச் சுற்றும் மரப்பீப்பாய்க்குள் பச்சைத் தோலைப் போட்டு, குரோம் உப்பைக் கரைத்து ஊற்றிச் சுற்றவிட்டால், தோல் மெல்ல மெல்ல அதைக் குடித்து உள்ளுக்குள் நீலமாகும். குடித்தது தோலிலேயே நின்று பூட்டிக்கொள்ளக் கடைசியில், ஆப்பத்துக்குப் போடும் அதே சோடாவை விட வேண்டும். மொத்தமாக விட்டால் தோல் கெட்டுவிடும். கொஞ்சம் விட்டு, பொறுத்து, இன்னும் கொஞ்சம் விட்டு, மறுபடி பொறுக்க வேண்டும். முப்பது வருஷமாக அந்தச் சோடாவை விடுகிற ஆள் ஏகாம்பரம். டிரம்மிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்ப்பான். தண்ணீர் தெளிந்திருந்தால் தோல் குடித்துவிட்டது என்று அர்த்தம். போட்ட குரோம் ஒன்று தோலில் இருக்கும், இல்லையென்றால் தண்ணீரில் இருக்கும், மூன்றாவது இடம் கிடையாது. இது ஷாப்பின் பாடம். இந்தப் பாடத்தை அவன் காணாமல்போன தேங்காய்க்கும், உடைந்த குடத்துக்கும், தெருவில் பரவிய வம்புக்கும் பொருத்திப் பார்ப்பான். பொருத்திப் பார்த்து யாராவது ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பான். அவனுக்குத் தெருவில் நல்ல பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம்.

அந்த வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை, பாத்திரம் துலக்கத் தண்ணீர் இறைத்த பச்சையம்மா, வாளியின் அடியில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டின் எழுத்துகளை எண்ணி எண்ணிப் பார்த்தாள். அந்த வாளியை அவள் மூன்று வருஷமாக வைத்திருந்தாள், தண்ணீரோடு இருக்கும்போது அடி தெரிந்ததே இல்லை. கொட்டிவிட்டு மறுபடி இறைத்தாள். மறுபடியும் எழுத்துத் தெரிந்தது.

முதல் நாள் அந்தத் தண்ணீரைக் கோழிக்கு வைத்தார்கள், இரண்டாம் நாள் ஆட்டுக்கு வைத்தார்கள், மூன்றாம் நாள் பச்சையம்மா தன் மாமியாருக்கு வைத்தாள். மூன்று உயிரும் நன்றாகவே இருந்தன. நாலாம் நாள் தெருவே குடித்தது, இளநீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னது, ஐந்தாம் நாள் யார் குடம் முன்னால் என்று கிணற்றடியில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அத்தோடு அதிசயம் முடிந்து கிணறு மறுபடியும் கிணறானது.

ஏகாம்பரம் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கையில் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தான். தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் அவனுக்கு ஒரே கேள்விதான் வரும். பதினெட்டு வருஷக் குரோம் எங்கே போயிற்று? தண்ணீரில் இல்லை, சரி, அப்படியானால் எந்தத் தோலில் இருக்கிறது? ஷாப்பில் ஏதோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று மேஸ்திரி தஸ்தகீர் பாயைச் சந்தேகப்பட்டான். அடியில் யாரோ குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று பக்கத்துத் தெருவைச் சந்தேகப்பட்டான். இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவனிடம்தான் பச்சையம்மா ஒரு நாள், துணி காயப்போட்டபடியே, போகிற போக்கில் சொன்னாள்.

"ஊரு கெணத்துக்கு இம்மா கவலப்படறியே அண்ணே, உன் பொண்டாட்டி டெய்லி மத்தியானம் எங்க போறான்னு என்னைக்கானா கேட்டியா?"

மறுநாள் அவன் ஷாப்பில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, பதினொன்றரைக்கே வந்து கிணற்றடித் துவைகல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அந்த அரைமணி நேரத்தில் ஊரிலுள்ள ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி விசாரித்து, இரண்டு பேரை மிச்சம் வைத்திருந்தான். பூங்காவனம் வந்தாள், தனியாகத்தான் வந்தாள். தண்ணீர் சேந்தி, நின்றவாக்கிலேயே ஒரு சொம்பு குடித்தாள், உதட்டைத் துடைத்தாள்.

அவன் கல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்தான். "யாரப் பாக்க வந்த?"

"யாரப் பாக்கலாம்னு நீ இங்க குந்திக்கினு கீற?"

"வூட்டுல தண்ணி இல்ல?"

"கீது. அது நாக்குல நிக்க மாட்டேங்குது மாமா. ஆடி மாசம் ஒன்பது நாளு லாரி வரலையே, அப்ப மஞ்சத் தண்ணிய வாயில வெச்சவ நானு. எல்லாரும் வாந்தி எடுத்தாங்க. எனக்கு மட்டும் நல்லா இருந்துச்சு. அதுலருந்து ஒரு சொம்பு. இப்ப கொஞ்ச நாளா சப்புனு போயிடுச்சு, ஆனா அடியில இன்னும் கொஞ்சம் ருசி கீது."

தலையை உதறி முடிந்தாள். வெயிலில் அவன் அப்போதுதான் அந்தக் கூந்தலைப் பார்த்தான். நுனி கறுப்பாகவும், அடி நீலப்பச்சையாகவும், மயில் கழுத்துப் போல மின்னியது. அந்த நீலம் அவனுக்கு முப்பது வருஷப் பழக்கம். டிரம்மிலிருந்து வெளியே இழுக்கும் தோலின் நீலம் அது. மூன்றாவது இடம் ஒன்று இருக்கிறது என்றும், அது தன் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறது என்றும் ஏகாம்பரத்துக்குத் தெரிந்தது இப்படித்தான்.

ஷாப்புக் கழிவு தேங்கும் ஏரியோரத்தில் எருக்கும் வளர்கிறது, துத்தியும் வளர்கிறது. எருக்கு விஷத்தை வேரிலேயே தடுத்து நிறுத்தும், மேலே ஏற விடாது என்றும், துத்தி அப்படியில்லை, உள்ளே விட்டு, மேலே ஏற்றி, பழைய இலைகளில் கொண்டுபோய் அடைத்து, அந்த இலைகளை உதிர்த்துவிட்டுப் புதுசாகத் துளிர்க்கும் என்றும் ஷாப்பில் பேசிக்கொள்வார்கள். ஆடுகள் அந்தத் துத்தியை முகர்ந்துவிட்டு விலகிப்போகும். பூங்காவனம் துத்தி ஜாதி. வாரம் முழுக்கக் குடித்தது வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகிச் சீப்பை வைத்தால் முடியோடு கற்றை கற்றையாக வந்துவிடும். இரும்புநார் மாதிரி கனக்கும். முடிந்துவைத்த துணி தொங்கும். வருகிறபோது தலை நெருப்பாக எரியும். ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை சுவரில் சாய்ந்திருப்பாள். அடுத்த வெள்ளிக்குள் புது முடி வளர்ந்துவிடும்.

"வலிக்குதா?" என்று கேட்டால், "எரியும். ஆனா கொட்டினாத்தான் மாமா லேசா கீது" என்பாள்.

தெரு அவளை ஏற்றுக்கொள்ளப் பத்து நாள் ஆனது. முதலில் எல்லோரும் வந்து கூந்தலைத் தொட்டுப் பார்த்தார்கள், பிறகு கூப்பிடும் பெயரை மாற்றினார்கள். அவள் 'பில்டர் அக்கா' ஆனாள். கிணற்றடியில் முதல் குடம் அவளுக்கு என்று பச்சையம்மாவே சட்டம் போட்டாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் தெருவே கோயிலுக்குப் போனது. அவள் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு இரண்டு நாள் போய்வரக் கிளம்பியபோது, தெருமுனையில் ஐந்து பெண்கள் குறுக்கே நின்று, பஸ் நெரிசல், உடம்பு தாங்காது என்று அன்பாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தண்ணீர் பரிசோதனை ஆபீசர் ஒருவர் வந்தார். பாட்டிலில் பிடித்துப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

"கேன் தண்ணிய வாங்கி ஊத்திட்டீங்களா?"

"கெணறு நெறைய கேன் தண்ணி வாங்குற மூஞ்சியா சார் இது?" என்றாள் பச்சையம்மா.

"இதுவரைக்கும் இப்படி ஒரு சாம்பிள் இந்தப் பக்கத்துல நான் பாத்ததில்ல."

"பாத்துக்கோ சார்."

'மாதிரி சந்தேகத்துக்குரியது' என்று எழுதிக்கொண்டு போனார். அந்த ஒருவர்மேல்தான் ஏகாம்பரத்துக்கு மரியாதை வந்தது.

ஷாப்பு முதலாளி, மேஸ்திரி தஸ்தகீர் பாயிடம் இரண்டு கூடை ஆப்பிள் கொடுத்து அனுப்பினார். ஏகாம்பரம் ஒவ்வொரு பழத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு பாய் இது?" என்று கேட்டான்.

"உடம்புக்கு. நல்லா சாப்பிடணுமாம் தங்கச்சி."

"மாட்டுக்குப் புண்ணாக்கு வெக்கிற மாரி கீது."

பாய் கூடைகளை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே ஷாப்பின் பின்சுவர்க் கால்வாய் ஒரு முழம் அகலமானது. யார் வெட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஏகாம்பரம் கேட்டான், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கிணறு இரண்டு நாள் மஞ்சளித்தது. பூங்காவனம் இரண்டு சொம்பாகக் குடிக்க ஆரம்பித்தாள். கிணறு தெளிந்தது. முடி இரண்டு மடங்காகக் கொட்டியது.

கார்த்திகையில் சண்டை ஆரம்பித்தது. முதலில் அவள் முடியைத் தன் வீட்டு முருங்கை மரத்தடியில்தான் புதைத்தாள். முருங்கை மூன்று வாரத்தில் பட்டுப்போனது. அப்புறம் குப்பைமேட்டில் போட்டாள். அங்கே கிளறிய கோழிகள் பச்சை ஓட்டோடு முட்டை வைத்தன. அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு வீடும் தன் கொல்லையைக் காவல் காத்தது. எதிர்வீட்டுக்காரன் மண்வெட்டி எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று விசாரணை நடந்தது. ஒருவர் வீட்டு வாழை வாடினால் அடுத்த வீட்டார் ராவோடு ராவாக முடியைக் கொண்டுவந்து புதைத்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. ஊரெல்லாம் ஏகாம்பரமாக மாறிவிட்டது போல இருந்தது. பூங்காவனம் முடிமூட்டையோடு தெருவில் நடந்தால் ஜன்னல்கள் அவளோடு கூடவே நடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தெருக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியடியில் கூடினார்கள். பச்சையம்மாதான் முதலில் பேசினாள்.

"தண்ணி எல்லாருக்கும், மயிரு எனக்கா? எங் கொல்லையில பூசணி காஞ்சிபோச்சி."

"குடிக்கிறத நிறுத்திட்டா?" என்றான் ஏகாம்பரம்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு வாய் வேண்டியிருக்கவில்லை. பூங்காவனமே கூட்டத்தின் ஓரத்திலிருந்து, "நிறுத்தினா நாக்கு செத்துப்பூடும் மாமா" என்று சொன்னாள், அது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

"அக்கா குடிக்கட்டும், அத யாரு வேணாங்கறது" என்றான் ஒருவன். "குடிச்சது அக்காகிட்டயே இருந்துட்டா யாருக்கும் தொல்ல இல்ல."

"ஆமா. கிட்டயே இருந்துட்டா நல்லது" என்றார்கள்.

குடித்தது குடித்த இடத்திலேயே இருக்க என்ன செய்ய வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தஸ்தகீர் பாய் ஏகாம்பரத்தைப் பார்த்தார், ஏகாம்பரம் தன் கையைப் பார்த்தான், சோடா என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே கூட்டம் கலைந்தது.

மார்கழி பிறந்ததும் தெருவுக்குத் தாராளம் வந்தது. ஒரு வீட்டுக் கறிவேப்பிலை இன்னொரு வீட்டுக்குப் போகாத தெரு அது. இப்போது ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி ஆப்பம் கொண்டுவந்தாள், ஒருத்தி மோர்க்குழம்பு, பச்சையம்மா விடியற்காலையில் கூழ். ஏகாம்பரம் ஒவ்வொரு பாத்திரத்தையும் முகர்ந்தான். சோடாவுக்கு வாசனை கிடையாது என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் முகர்ந்தான். யார் போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தான். போடட்டுமே என்றும் நினைத்தான். வெள்ளிக்கிழமைகளில் ஈரத்துண்டுக்கு அடியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. டிரம்மில் சோடா விட்டபிறகு தோலின் முரண்டு அடங்கி, கையில் எடுத்தால் பூனைக்குட்டி போல் மடிந்து கிடப்பதை முப்பது வருஷமாகப் பார்த்தவன் அவன். ஆகவே ஒரு காலையில், பச்சையம்மாவின் கூழில், சமையலறைச் சோடா டப்பாவிலிருந்து ஒரே ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினான். பத்து நாள் பொறுத்து இன்னொரு சிட்டிகை. மறுபடி பொறுத்து, தை மாதத்து அந்தக் காலையில், மூன்றாவது.

முதல் சிட்டிகைக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை முடி பாதிதான் கொட்டியது. அதற்கடுத்த வெள்ளி சீப்பில் ஒன்றும் வரவில்லை. எரிச்சலும் இல்லை. ஏகாம்பரம் அன்றைக்குக் கறி வாங்கி வந்தான். எந்தக் கொல்லையிலும் எதுவும் விழவில்லை என்று தெருவும் நிம்மதியாகச் சாப்பிட்டது.

பிறகு அவள் விரல்கள் மடங்குவதற்கு நேரம் எடுக்க ஆரம்பித்தன. குளித்தால் தண்ணீர் உடம்பில் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடியது. சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு நாள் சோறு போடும்போது, "மாமா, உள்ள எங்கியோ கதவ சாத்திட்டாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். "யாரு?" என்று கேட்டான் அவன், உடனே, பழக்கத்தில். "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீதான் எல்லாத்தையும் கண்டுபுடிப்பியே" என்றாள். மத்தியானம் இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கவும் தவறவில்லை.

செத்த பிறகு மூன்று நாள் அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாற்றம் இல்லை, எறும்பு இல்லை, வாடல் இல்லை. புதைக்கிற ஜனம் அது. ஆனால் புதைக்கும் இடம் ஆற்றங்கரையில் இருந்தது, அதற்குக் கீழேதான் ஊர் குடிக்கும் ஊற்றுக்கிணறுகள். "பொதைச்சா எல்லாம் ஊறி வெளிய வந்துடும்" என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது. "எரிச்சா பொகை நம்ம மூக்குலதான் ஏறும்" என்றது சொந்தத் தெரு. மாலை போட்டார்கள், கற்பூரம் ஏற்றினார்கள், தெய்வம் என்றார்கள், ஆனால் இடம் கொடுக்கவில்லை. ஏகாம்பரம் படியின் மறுமுனையில் உட்கார்ந்து வந்தவர் போனவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களில் யாரோ ஒருத்தர் கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அது யார்?

மூன்றாம் நாள் காலை தஸ்தகீர் பாய் வந்து அவன் பக்கத்தில் குந்தினார்.

"கொதி பாத்துடலாம் ஏகாம்பரம். வேற வழி இல்ல."

தோல் பதமாகிவிட்டதா என்று ஷாப்பில் பார்க்கும் முறை அது. தடிமனான கழுத்துப் பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். குரோம் சரியாகப் பூட்டாத தோல் புழு மாதிரி சுருண்டுவிடும். பூட்டிய தோல் கோட்டை விட்டு மயிரிழை குறையாது; அதிலிருந்து இனி எதுவும் ஊறி வெளியே வராது.

மாட்டுக்குத் தடிமன் கழுத்தில், மனுஷிக்குக் குதிகாலில். ஏகாம்பரம் அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அந்தப் பித்தவெடிப்புக்கு அவன் எத்தனையோ தடவை விளக்கெண்ணெய் தடவியிருக்கிறான். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு சீவினான். வெட்டுவாயில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே நீலம். காலண்டர் தாளைத் திருப்பி அதன்மேல் துண்டை வைத்து, பென்சிலைச் சுற்றிலும் ஓட்டினான். பச்சையம்மா தன் அடுப்பைத் தெருவுக்கே தூக்கிவந்து பால் காய்ச்சும் ஏனத்தில் தண்ணீர் வைத்தாள். தெரு முழுக்கச் சுற்றி நின்றது.

தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது துண்டை உள்ளே விட்டான். பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த இரண்டு நிமிஷத்தில் ஏகாம்பரம் ஒரே சமயத்தில் இரண்டு வேண்டுதல் வேண்டினான். சுருங்காதே, உனக்கு ஒரு குழி கிடைக்கட்டும். சுருங்கிவிடு, சோடா உன்னை எதுவும் செய்யவில்லை என்று ஆகட்டும். இரண்டையும் ஒரே சாமியிடம்தான் வேண்டினான்.

கரண்டியால் எடுத்துக் காலண்டர் தாளின் கோட்டுக்குள் வைத்தான். துண்டு கோட்டை நிறைத்துக்கொண்டு கிடந்தது. ஏனத்துத் தண்ணீர் தெளிவாக இருந்தது.

கூட்டம் மூச்சு விட்டது. "அப்பறம் இன்னா, பொதைக்கலாம்" என்றது ஒரு குரல். "மகராசி, போயும் யாருக்கும் தொல்ல வெக்கல" என்றது இன்னொன்று.

ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை.

"சோடா இல்லாம இது நிக்காது" என்றான். "வெறும் குரோம் குடிச்ச தோலு கொதியில சுருங்கும். உங்க எல்லாருக்கும் தெரியும். யாரு போட்டது?"

காலண்டர் தாளைப் பார்த்தபடி அவனே தொடர்ந்தான்.

"நானும் போட்டேன். மூணு சிட்டிகை, பத்து நாளுக்கு ஒரு தபா. நான் ஒத்துக்கறேன். மூணு சிட்டிகைக்கு இம்மா கெட்டியா நிக்காது. முப்பது வருஷம் விட்ட கை இது, எனக்குத் தெரியும். மிச்சத்த கை நெறைய அள்ளிப் போட்டது யாரு?"

பச்சையம்மா அடுப்பை அணைத்தாள். "நான் ஒரு சிட்டிகதாண்ணே. பெரியாண்டவர் மேல சத்தியமா. அதுக்கு மேல போட்டா ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா."

"கஞ்சில ஒரு சிட்டிக" என்றார் தஸ்தகீர் பாய், கடிகாரத்தைப் பார்த்தபடியே. "ஒரே ஒரு நாளு."

"ஆப்பத்துல எப்பவும் போடறதுதான், கூட ஒரு சிட்டிக."

"நானும் ஒண்ணுதான்."

"எங்கூட்டுலயும்."

அப்படியே தெருவின் ஒரு கடைசியிலிருந்து மறுகடைசி வரை சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டிருக்கவில்லை. ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியவில்லை. ஏகாம்பரம் கேட்டுக்கொண்டே வந்தான். ஒருவன் பொய் சொன்னால்கூட அவனுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு யாரும் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் விட்டு, பொறுத்து, இன்னும் கொஞ்சம் விட்டு, மறுபடி பொறுத்து, இருபத்துமூன்று வீடும் சேர்ந்து ஐந்து வாரம் விட்ட சோடா. இவ்வளவு நிதானமாக, இவ்வளவு பதமாக அவனே எந்தத் தோலுக்கும் விட்டதில்லை. சந்தேகப்பட ஒருவரும் மிச்சமில்லாமல் போனதும் அவன் எழுந்து அவள் தோளைப் பிடித்தான்.

தூக்க நாலு பேர் போதவில்லை, எட்டுப் பேர் தூக்கினார்கள். உட்கார்ந்த நிலை மாறாததால் குழியை உட்காரும் குழியாகவே வெட்டினார்கள்.

மாசி மாதம் கிணறு மஞ்சளாயிற்று. ஷாப்புக் கால்வாய் அதே அகலத்தில் ஓடியது. லாரி திரும்ப வந்தது, வரிசைச் சண்டை லாரியடிக்கு மாறியது. ஆபீசர் மறுபடி வந்து பாட்டிலில் பிடித்துப் பார்த்து, 'மாதிரி சரியானது' என்று எழுதிக்கொண்டு போனார். தெருவில் தேங்காய் காணாமல் போனாலும் ஏகாம்பரம் இப்போது யார் வாசலிலும் போய் நிற்பதில்லை. அதுதான் தெருவுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் வந்து கேட்டால் தேவலை என்று பச்சையம்மா ஒரு நாள் தன் கொல்லையில் விழுந்த தேங்காயை வேண்டுமென்றே அவன் கண்ணில் படும்படி வைத்தாள். அவன் அதைத் தாண்டிப் போனான்.

அந்தக் காலண்டர் தாளும், அதன் கோட்டுக்குள் உட்காரும் துண்டும் அவன் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஆற்றங்கரையில் பூங்காவனத்தின் மேல் அறுகு முளைத்திருக்கிறது. ஆடுகள் அதை மேய்கின்றன.